மூக்கின் சாட்சியம் செல்லாதோ?

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கித் தெற்கே செல்லும் பேருந்துகளில் நெடுநாளைய வழக்கம் ஒன்றுண்டு. நடத்துநர் ஊர்ப்பெயரை உரைக்கும் முன்னரே சிப்காட் வந்துவிட்டது என்பது பயணிகளுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் முந்தானையையும் ஆண்கள் கைக்குட்டையையும் எடுத்து மூக்கின்மேல் வைத்துக்கொள்வர். சன்னலோரத்தில் இருப்பவர் கண்ணாடியை இழுத்து மூடுவார். ஆலப்பாக்கம் நெருங்கியதும் முந்தானை தோளுக்கும் கைக்குட்டை சட்டைப் பைக்கும் திரும்பும். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பயணிக்கு அது சில நிமிடத் தொல்லை. அந்தச் சில நிமிடத்தை இரவும் பகலுமாக நாற்பதாண்டுகள் நீட்டிப் பார்த்தால், சாலையோரத்திலும் உப்பனாற்றங்கரையிலும் குடியிருக்கும் மக்களின் வாழ்க்கை ஒருவாறு விளங்கும்.

ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம், பச்சையாங்குப்பம், தைக்கால் தோணித்துறை என அவ்வூர்கள் விரியும். தோணித்துறை என்ற பெயரே அங்கு வாழ்ந்தோர் எதை நம்பி வாழ்ந்தனர் என்பதைச் சொல்லும். 1980களின் தொடக்கத்தில் மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் அங்கே ஒரு தொழிற்பேட்டையை நிறுவிற்று. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி எனப் பெரும்பாலும் வேதிப்பொருள் ஆலைகளே அங்கு வந்து அமர்ந்தன. ஆற்றில் மீன் குறைந்ததும், கிணற்று நீரின் நிறமும் சுவையும் மாறியதும், இரவில் குழந்தைகள் மூச்சுத் திணறி விழித்ததும் பின்னர் வந்த முறையீடுகள். 1998-ல் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஜே. கனகராஜ் அவர்கள் மக்கள் தீர்ப்பாயம் ஒன்றின் சார்பில் இவற்றை விசாரித்து அறிக்கை அளித்தார். அறிக்கை அச்சாயிற்று, நாற்றம் அகன்றபாடில்லை.

இந்நிலையில் 2004-ஆம் ஆண்டு அக்கிராமத்தவருள் சிலர் ஒன்றுகூடிச் ‘சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு’ என்ற பெயரில் ஒரு தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தனர். வெளியூர்ச் சுற்றுச்சூழல் ஆர்வலர் சிலர் பயிற்சி அளித்தனர். அவர்கள் செய்தது புதுமையான வேலை. மறியலும் முழக்கமும் ஒருபுறம் இருக்க, அவர்கள் முதலில் ஒரு குறிப்பேட்டைத் திறந்தனர். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம், காற்று இன்ன திசை, நாற்றம் இன்ன வகை, எத்துணைக் கடுமை, எவ்வளவு நேரம் நீடித்தது, கண் எரிந்ததா, தலை சுற்றிற்றா, தொண்டை கரித்ததா என்று எழுதி வைப்பதே அவர்களது தொண்டின் அடித்தளம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு ஆகலாம் என்றும், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மெர்காப்டான் வகையைச் சேர்ந்ததாகலாம் என்றும் அறிந்துகொண்டனர். மீனவரும் உழவரும் கூலித் தொழிலாளரும் வேதியியலை மூக்கின் வழியே பயின்றனர் என்க.

இத்தொண்டைக் கேள்வியுறும் நம் நகரத்துப் படித்த பெருமக்கள் சிலர் முறுவலிக்கின்றனர். ‘மூக்கால் முகர்ந்து சொன்னால் அது விஞ்ஞானமாகிவிடுமா? அதற்கெனக் கருவி இருக்கிறது, பட்டம் பெற்ற அதிகாரி இருக்கிறார், வாரியம் இருக்கிறது. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர் குறிப்பேடு எழுதினால் அதை யார் ஏற்பார்?’ என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தைக் கடலூரிலும் கேட்கலாம். 1929-ல் தோன்றிய பெரிய பல்கலைக் கழகத்தைத் தன்பால் கொண்ட சிதம்பரத்திலும் கேட்கலாம். தெரியாதவர் சொல்லும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அறிவின் பெயரால் அது சொல்லப்படுகிறது என்பதே அதற்கு மறுமொழி எழுதத் தூண்டியது. ஏனெனில், சாட்சியம் என்பது யாது, யார் சொல் ஏற்கத்தக்கது, எப்போது ஏற்கத்தக்கது என்பதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு கல்வி மரபு நம்மிடையே உள்ளது. அரபுக் கல்லூரிகளில் ஓதிய எவரும் அந்த மரபை அறிவர். அதை உரைகல்லாகக் கொண்டு இக்குறிப்பேட்டை உரைத்துப் பார்ப்போம்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை அறிவிப்பவரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று அதாலத்து, அதாவது நடத்தையில் நேர்மை. மற்றொன்று ளப்து, அதாவது கேட்டதையும் கண்டதையும் பிசகாமல் காத்து வைக்கும் துல்லியம். அறிவிப்பவர் பெரிய சட்ட மேதையாக இருத்தல் வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்றும் கேட்கவில்லை. கண்பார்வை அற்றவரின் அறிவிப்பும் துல்லியமானதாயின் ஏற்கப்பட்டது. மாறாக, ஊர் போற்றும் பக்திமானாயினும் நினைவில் தடுமாறுபவராயின் அவர் அறிவிப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது. வணக்கம் வேறு, வார்த்தையின் துல்லியம் வேறு என்பதில் அவ்வறிஞர்கள் இரக்கமே காட்டவில்லை. அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், நாளும் மணியும் காற்றின் திசையும் குறித்து வைத்தவன் ளப்து உடையவன். ‘அப்பகுதியில் குறிப்பிடத்தக்க மாசு ஏதுமில்லை’ என்று நாளும் நேரமும் சுட்டாமல் பொத்தாம் பொதுவாக எழுதிக் கையொப்பமிடும் அதிகாரியின் தாள் எத்தனை முத்திரை தாங்கியிருப்பினும் தரத்தில் தாழ்ந்ததே.

இன்னுமொன்று. இரு செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதற்கு முதன்மை கொடுப்பது என்ற ஆய்வில், நிகழ்ச்சிக்கு உரியவரின் கூற்று மற்றவர் கூற்றினும் வலிமை மிக்கது என்ற நெறியைப் பல அறிஞர்கள் கைக்கொண்டனர். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் திருமணம் இஹ்ராம் நிலையில் நடந்ததா அன்றா என்ற பொருளில், இப்னு அப்பாஸ் (ரலி) போன்ற பெருங்கல்வியாளர் ஒன்று சொல்ல, மணமகளாகிய மைமூனா (ரலி) அவர்கள் வேறொன்று சொன்னார்கள். தம் திருமணத்தைத் தாமே நன்கறிவார் என்று அன்னையாரின் கூற்றுக்கே பெரும்பாலோர் முதன்மை அளித்தனர். கல்வியில் கடலனையவர் சொல்லும், நிகழ்ச்சியின் நடுவே இருந்தவர் சொல்லின் முன் பின்தங்கிற்று. ஈச்சங்காட்டில் இரவு இரண்டு மணிக்கு என்ன நாற்றம் அடித்தது என்பதைச் சென்னையில் உறங்கிக்கொண்டிருந்தவரினும் ஈச்சங்காட்டில் விழித்துக்கொண்டிருந்தவர் அறிவார் என்று சொல்ல இத்துணைப் பெரிய சான்று வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டியிருக்கிறதே, என் செய்வது!

‘தனியொருவன் மூக்கு பிழைபடலாமே’ என்பர். படலாம். சளிப் பிடித்தவன் மூக்கும், கோபம் கொண்டவன் மூக்கும் பிழைபடும். அதற்காகத்தான் ‘தவாத்துர்’ என்னும் நெறி உள்ளது. வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த, கூடிப் பேசிப் பொய் புனைய இயலாத, திரளான மக்கள் ஒரே செய்தியை அறிவிப்பார்களாயின், அங்கே தனித்தனி ஆளின் தகுதியை ஆராயும் தேவைகூட இல்லாது போகிறது. செய்தி உறுதிப்பாட்டின் எல்லையை எட்டிவிடுகிறது. ஒரே இரவில், காற்று வீசிய திசையில் அமைந்த ஊர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாற்றத்தைக் குறித்து, காற்றுக்கு எதிர்த்திசை ஊர்கள் ஏதும் குறிக்காமல் விட்டிருந்தால், அது காற்றும் மூக்குகளும் சேர்ந்து எழுதிய தவாத்துர். பொய்யாகப் புனைபவன் காற்றின் திசையையும் சேர்த்துப் புனைய வேண்டும்; அது எளிதன்று.

நாற்றம் என்பது நீதிமன்றத்துக்கு உரிய பொருளா என்று ஐயுறுவோரும் உளர். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பார் கட்டிடச் சட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அண்டை வீட்டாருக்குப் புகையாலும் துர்நாற்றத்தாலும் விளையும் தீங்கு, குளியலறைக் கூடங்களின் புகை, தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் ஆகியவற்றை அது தனித்தனியே ஆராய்கிறது. மாலிக்கி மரபைச் சேர்ந்த நீதிபதிகள் இத்தகைய வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளித்தனர். இதில் சுவையான செய்தி இப்னுர் ராமி யார் என்பதே. அவர் ஒரு கொத்தனார்! ‘அல்பன்னா’ என்னும் அவர் அடைமொழி கட்டுவேலை செய்பவரைக் குறிக்கும். கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்த கையால் அவர் நூல் எழுதினார். காஜிமார் அவரை அழைத்துச் சென்று, இடத்தைக் காட்டி, அவர் கருத்தைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கினர். தொழிலறிந்தவன் சொல்லைக் கேட்பது நீதிபதியின் மாண்புக்குக் குறைவு என்று அந்நாளில் எவரும் கருதவில்லை. ஆற்றின் போக்கையும் மீனின் வரவையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு மீனவன் உப்பனாற்றைப் பற்றிச் சொன்னால் மட்டும் நம் அலுவலகங்களில் நாற்காலி நகர மறுக்கிறது.

இனி, கருவியைப் பற்றி. கருவி வேண்டாம் என்று எவர் சொன்னார்? கருவியைக் கேட்டு அலைந்தவர்களே அவ்வூர் மக்கள்தாம். ஆனால் கருவி எதை அளக்கிறது, எப்போது அளக்கிறது என்பதை அறியாமல் அதன் முன் தலை வணங்குவது விஞ்ஞானம் ஆகாது. காற்றில் உள்ள மாசை இருபத்து நான்கு மணி நேரச் சராசரியாகச் சொல்வது ஒரு வழக்கம். ஓர் ஆலை நள்ளிரவில் அரை மணி நேரம் மட்டும் நச்சுவாயுவை வெளியிடுகிறது என்றும், அப்போது அதன் அளவு நூறு என்றும், மற்ற நேரமெல்லாம் சுழியம் என்றும் கொள்வோம். அன்றைய சராசரி இரண்டு சொச்சம். தாளில் இரண்டு, தொட்டிலில் உறங்கிய குழந்தையின் நெஞ்சிலோ நூறு. இரவில் தரை குளிர்ந்து, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து மேலெழாமல் தங்கிவிடுவதால், பகலில் கலைந்து போகும் வாயு இரவில் கலையாமல் தாழ்வாரங்களில் தவழ்கிறது. பனிக்கால விடியற்காலையில் இது மிகுதி. அதிகாரிகள் வந்து பார்ப்பதோ அலுவல் நேரத்தில். வெயில் ஏறிக் கடற்காற்றும் வீசத் தொடங்கிய பின் வந்து, வானை அண்ணாந்து பார்த்து, ‘ஒன்றுமில்லையே’ என்று சொல்லிச் செல்வோரை என்னென்பது? இரவுக் காவலுக்குப் பகலில் வரும் காவற்காரன் கதைதான்.

மூக்குக்கும் எல்லை உண்டு. அதை மறைப்பதற்கில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்த செறிவில் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதென்று மனிதன் மகிழும் வேளை அபாயம் முற்றிய வேளை. பென்சீன் போன்றவை மூக்குக்கு எட்டுமுன் பாதுகாப்பான அளவைப் பலநூறு மடங்கு கடந்துவிடும். ஆகவே மூக்கு சொல்லும் சாட்சியம் பெரும்பாலும் குறைத்துச் சொல்லும் சாட்சியமே. மிகைப்படுத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தம் சொல்லை மட்டுமே நம்பும்படி அக்குழுவினர் கேட்கவில்லை. 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் வாழ்ந்த மக்களுக்காக ஓர் எளிய முறை வகுக்கப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் வாளி. அதனுள் வேதிப்பொருள் ஒட்டாத தனிவகைப் பை. காற்றை உள்ளிழுக்க ஒரு சிறு பம்பு. நாற்றம் எழும் வேளையிலேயே காற்றைப் பிடித்துப் பையில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம். லூசியானா மாநிலத்தில் ஆலையை ஒட்டி வாழ்ந்த கறுப்பின மக்கள் இவ்வாளியைக் கொண்டு தம் முறையீட்டை மெய்ப்பித்தனர். நார்க்கோ என்னும் ஊரில் 2002-ல் அந்த எண்ணெய் நிறுவனம் அவர்தம் வீடுகளை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் வேறிடம் பெயர உடன்பட வேண்டியதாயிற்று. அதே வாளி கடலூருக்கும் வந்தது. 2004-ல் அக்குழுவினர் பிடித்தனுப்பிய காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. புற்றுநோய் விளைவிப்பனவும் அவற்றுள் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இத்துணை அளவுக்கு மேல் காற்றில் இருத்தலாகாது என்ற வரையறையே அந்நாளில் நம் நாட்டில் இல்லை. 2009-ல் வெளியான தேசியக் காற்றுத்தர வரையறையில்தான் பென்சீன் இடம் பெற்றது. சட்டத்தில் பெயரில்லாத நஞ்சு சட்டத்தின்படி நஞ்சாகாது என்னும் விந்தையை, வாளி தூக்கிய கிராமத்தார் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர்.

உச்சநீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவு மேற்பார்வைக் குழு 2004-ல் நேரில் வந்து பார்த்தது. பின்னர் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஆய்வு நடத்திற்று. பட்டம் பெற்றவர்கள், கருவி கொண்டவர்கள், அரசு சார்ந்தவர்கள் செய்த ஆய்வு அது. 2008-ல் அதன் முடிவுகள் வெளியில் தெரிய வந்தன. அப்பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு மிகுதி என்று அவ்வறிக்கையைச் சுட்டி அப்போது ஏடுகள் எழுதின. மூக்கின் சாட்சியத்தை எள்ளி நகையாடியவர்கள் கேட்ட கருவியின் சாட்சியமும் வந்து சேர்ந்தது. அதன்பின் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? பேச்சை மாற்றினார்கள்.

‘இவர்கள் தமக்கு ஆதாயம் தேடும் கட்சிக்காரர்கள், கட்சிக்காரன் சாட்சி செல்லாது’ என்பது மாற்றப்பட்ட பேச்சு. சட்டம் அறிந்தோர் பேசுவது போல் தோன்றும் வாதம் இது. மெய்தான், தமக்கு ஆதாயம் கிட்டும் பொருளில் ஒருவர் கூறும் சாட்சியம் ஐயத்துக்குரியது என்பதை நம் சட்ட நூல்களும் சொல்கின்றன. அந்நெறியை இரு புறமும் பிடித்துப் பார்க்கலாமே. தன் புகைபோக்கியையும் தன் கழிவுநீரையும் தானே அளந்து தானே அறிக்கை அனுப்பும் ஆலை யார்? ஆலையின் ஆதாயம் கோடிகளில் இருக்கிறது. ஈச்சங்காட்டானின் ஆதாயம் ஓர் இரவு உறக்கத்தில் இருக்கிறது. எது பெரிய கைக்கூலி? கிராமத்தார் தாம் கட்சிக்காரர் என்பதை உணர்ந்தே, பிடித்த காற்றைத் தமக்கு உறவில்லாத ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். தன் வாக்குமூலத்துக்குத் தானே புறச்சாட்சி தேடும் கட்சிக்காரனை உலகில் எங்கும் அரிதாகவே காணலாம்.

‘வெளிநாட்டான் வாளி, வெளிநாட்டான் தூண்டுதல்’ என்பாரும் உண்டு. அந்த ஆலைகளில் காய்ச்சும் வேதிப்பொருளின் செய்முறை சேந்தமங்கலத்துச் சித்தர் ஏட்டிலா கிடைத்தது? நஞ்சு கடல் கடந்து வரலாம், அதை அளக்கும் வாளி மட்டும் வரக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்!

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லப்படுவது பிழைப்பு பற்றிய வாதம். ‘ஆலை மூடினால் ஆயிரம் குடும்பத்து அடுப்பு அணையும்’ என்பர். இவ்வாதத்தை இகழ்வதற்கில்லை. வறுமையின் கொடுமையை அறிந்த எவரும் இதைக் கேட்டுத் தயங்கவே செய்வர். ஆனால் ஆலையை மூடு என்பதும், ஆலையின் வாயை மூடிப் புகையை வடிகட்டு என்பதும் ஒன்றல்ல. கசியும் குழாயை அடைப்பதற்கும், கழிவை முறையாகச் சுத்திகரிப்பதற்கும் ஆட்கள் வேண்டும், அதுவும் வேலைவாய்ப்பே. மேலும் அவ்வாலைகளுக்குள் நாட்கூலிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் செல்வோர் அதே கிராமத்தைச் சேர்ந்தவர்கள். நஞ்சை முதலில் முகர்பவரும் அவரே. 2021 மே மாதத்தில் அத்தொழிற்பேட்டையின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் வெடி விபத்து நேர்ந்து நால்வர் மாண்டனர். 2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஆலையொன்றின் சாயக் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, நள்ளிரவில் அந்நீர் வீடுகளுக்குள் பாய்ந்து பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொழிலாளியையும் ஊராரையும் எதிரெதிர் அணியாக நிறுத்தி நியாயம் பேசுவோர் இந்த இரண்டு இரவு பகலையும் எந்த அணியில் சேர்ப்பார்கள்?

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அக்குழு தோன்றிய அதே 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்துக் கடற்கரையைத் தாக்கிற்று. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞரும் முதியோரும் அன்றே களத்தில் இறங்கினர். வீடிழந்து வந்த மீனவ மக்களுக்குச் சமைத்துப் பரிமாறினர். தங்க இடம் அளித்தனர். இறந்தோரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்யத் தோள் கொடுத்தனர். சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. நாடு முழுவதும் அதைப் போற்றிற்று, போற்றத்தக்கதே. இவ்விதழின் வாசகர்களுக்கு அதைப் பற்றி எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதே மாவட்டத்தில், அதே மீனவக் குலத்தாருக்கு, ஒரே நாளில் வராமல் ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாக வரும் பேரலை ஒன்று உண்டு. அதன்பொருட்டுத் தொண்டு செய்பவருக்கு மாலை இல்லை, பாராட்டுக் கூட்டம் இல்லை. ‘கலகக்காரர்’ என்ற பட்டம் உண்டு. பசித்தவனுக்குச் சோறிடுகிற தொண்டனை ஊர் தோளில் தூக்குகிறது. இவன் வலையில் மீன் ஏன் விழவில்லை என்று கேட்கிற தொண்டனைக் கண்டால் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. முன்னவன் தொண்டு யார் மனத்தையும் புண்படுத்துவதில்லை. பின்னவன் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் ஊருக்குள் மதிப்பாக வாழ்கிறார். கோவில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கட்டிடத்துக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் நன்கொடை தருகிறார். கதவு சாத்தப்படுவதன் காரணம் விஞ்ஞானம் அன்று.

நகரத்து நல்லோர் சிலர், ‘அக்குழுவினர் செய்துவருகிறார்களே, நம் சார்பில் அவர்கள் செய்தால் போதாதா’ என்கின்றனர். பர்ளு கிபாயா என்னும் கூட்டுக் கடமையைக் கேள்விப்பட்டவர்கள் அதை மேற்கோளாகவும் காட்டுவர். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதிருந்து கடமை நீங்கும் அல்லவா, அது போல் என்பர். அவர்கள் அந்தச் சொல்லின் முற்பாதியைக் கற்றுப் பிற்பாதியை விட்டுவிட்டனர். கிபாயா என்றால் போதுமாதல். காரியம் போதுமான அளவு நிறைவேறினால்தான் மற்றவர் பொறுப்பு நீங்கும். நால்வர் தூக்க இயலாத சந்தூக்கை நால்வர் தூக்க முயன்று தடுமாறுகையில், ‘அவர்கள் தூக்குகிறார்களே’ என்று திண்ணையில் அமர்ந்திருப்பவர் மீது கடமை அப்படியே கிடக்கிறது. ஆற்றல் மிக்கவர் மீது மேலும் அழுத்திக் கிடக்கிறது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’வில், ஊரில் மருத்துவம் செய்ய ஆளில்லாதிருக்க, எல்லோரும் சட்ட வாதத்தையே கற்க முண்டியடிப்பதைக் கடிந்துரைக்கிறார்கள். கூட்டுக் கடமை என்பது எளிதில் தப்பிக்கும் வழியாக ஆக்கப்பட்டதை அவர்கள் அன்றே கண்டிருக்கிறார்கள்.

காற்றை அளந்து நடவடிக்கை எடுக்க அரசு ஒரு வாரியத்தை 1982-லேயே அமைத்தது. பழைய இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்றோர் அலுவலர் இருந்தார். எடையும் அளவும் தண்ணீர் வழியும் தெருவும் அவர் பார்வையில் இருந்தன. அவருடைய கடமைகளை விரித்தெழுதிய மாவர்தீ அவர்கள், அந்த அலுவலருக்கும் தாமாக முன்வந்து நன்மையை ஏவும் தொண்டனுக்கும் உள்ள வேற்றுமையை முதலிலேயே வகுத்துவிடுகிறார்கள். தொண்டன் விரும்பினால் செய்யலாம். அலுவலரோ வேறு வேலையைக் காட்டி நழுவ முடியாது. முறையீடு வந்தால் செவிமடுத்தே ஆக வேண்டும். வராவிட்டாலும் தாமே தேடிச் செல்ல வேண்டும். கடலூரில் இது தலைகீழாகக் கிடக்கிறது. தேடிச் சென்றவர்கள் தொண்டர்கள். முறையீடு வரட்டும் என்று அமர்ந்திருந்தவர் சம்பளம் பெறும் அலுவலர்.

ஆகவே ஏற்பு, மறுப்பு என்ற பேச்சை விட்டு, செய்யக்கூடிய சிலவற்றைச் செய்யலாம். கடலூர், சிதம்பரம் மருத்துவர்கள் மூச்சுத்திணறலோடு வருபவரின் ஊர்ப்பெயரையும் திணறல் தொடங்கிய நேரத்தையும் தம் ஏட்டில் எழுதி வைக்கலாம்; குறிப்பேட்டோடு அவை பொருந்துகின்றனவா என்பது ஒரு பனிக்காலத்தில் தெரிந்துவிடும். கல்லூரிகளில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் விடுமுறை நாளில் மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு அந்த ஊர்களில் ஓரிரவு தங்கலாம். வாரியத்து அலுவலர் நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையேனும் வரலாம். கிராமத்தார் அனுப்பும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் நாளிட்டு எழுத்து மூலம் மறுமொழி கேட்கலாம்; 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. வந்த மறுமொழியையும், வராத மறுமொழியின் நாளையும் பள்ளிவாசல், கோவில், மாதா கோவில் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டி வைக்கலாம். அதற்கு நிர்வாகிகளின் இசைவு ஒன்றே தேவை.